போதும் என்ற சொல்: அவீச்சியின் எழுச்சியும் பெற்றோரின் கடமையும்

புலம்பெயர் நாடுகளில் வளரும் தமிழ் இளையோர் எந்த இசையைக் கேட்கிறார்கள் என்று வினவினால், பெற்றோர் பலரால் விடை கூற இயலாது. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து கசிந்து வரும் சீரான தாள ஓசையை மட்டுமே அவர்கள் அறிவர். "இதுவும் ஒரு இசையா?" என்ற கேள்வியோடு பலருடைய ஆர்வம் முடிந்துவிடுகிறது. பிள்ளை அதைக் கேட்பதோடு நில்லாமல், மடிக்கணினியில் தானே அத்தகைய இசையை ஆக்கத் தொடங்கும்போது கேள்வியின் வடிவம் மாறுகிறது. இதனால் படிப்புக் கெட்டுவிடுமோ என்று ஒரு சாரார் அஞ்சுகின்றனர். இதனால் பெயரும் பணமும் வருமோ என்று மற்றொரு சாரார் கணக்குப் போடுகின்றனர்.

இவ்விரு கேள்விகளையும் விட முதன்மையான மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. உயரத் தொடங்கிய பிள்ளை ஒருநாள் "போதும், இனி என்னால் இயலாது" என்று சொன்னால், அதைச் செவிமடுப்பதற்கு அருகில் யார் இருப்பார்கள் என்பதே அக்கேள்வி. அதன் கனத்தை உணர்த்துவதற்குச் சுவீடன் நாட்டு இளைஞர் டிம் பேர்க்லிங்கின் வாழ்வை விடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. அவீச்சி என்ற மேடைப் பெயரால் உலகம் அறிந்த அவர், 18 வயதில் இசைத்துறையில் கால் வைத்தார். 22 வயதில் உலகின் நடன அரங்குகளை வென்றார். 26 வயதில் மேடையிலிருந்து விலகினார். 28 வயதில் இவ்வுலகை விட்டே மறைந்தார்.

ஓர் அறையில் தொடங்கிய பயணம்

டிம் பேர்க்லிங் 1989 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8 ஆம் நாள் சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோமில் பிறந்தார். தந்தை கிளாஸ் பேர்க்லிங். தாயார் ஆங்கி லிடேன், சுவீடனில் நன்கு அறியப்பட்ட நடிகை. வறுமையோ புறக்கணிப்போ நிறைந்த இளமை அவருடையதன்று. அன்பான, வசதியான குடும்பத்திலேயே அவர் வளர்ந்தார். இந்த உண்மையைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்துதல் வேண்டும். பின்னாளில் நிகழ்ந்தவற்றுக்கு "வளர்ப்புச் சரியில்லை" என்ற ஆயத்த விடை பொருந்தாது.

பதின்ம வயதில் அவருக்குக் கிடைத்த கருவி ஒரு மென்பொருள். பெல்ஜியம் நாட்டில் உருவாக்கப்பட்ட எஃப்.எல். ஸ்டூடியோ என்னும் அந்த மென்பொருளில், சதுரக் கட்டங்கள் கொண்ட திரையில் சுட்டியால் கோடுகள் இட்டுச் சுரங்களை அடுக்கலாம். ஒரு கோட்டின் உயரம் சுரத்தின் நிலையையும், நீளம் அது ஒலிக்கும் நேரத்தையும் குறிக்கும். முறையான இசைக்கல்வியை நீண்டகாலம் பெறாத ஓர் இளைஞரால், மனத்தில் தோன்றும் மெட்டை உடனே கட்டத்தில் வரைந்து கேட்டுப் பார்க்க முடிந்தது. பிழையானால் அழித்து மீண்டும் வரைந்தார். இவ்வாறே இரவுகள் கழிந்தன.

தான் ஆக்கியவற்றை இணையத்தின் ஊடாக மூத்த கலைஞர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். 2008 ஆம் ஆண்டு பிபிசி வானொலியின் புகழ்பெற்ற அறிவிப்பாளர் பீட் டொங் நடத்திய புதுமுகப் போட்டியில் அவருடைய ஆக்கம் ஒன்று வெற்றி பெற்றது. அதே ஆண்டில், ஈரானில் பிறந்து சுவீடனில் வளர்ந்த ஆரஷ் புர்நூரி அவருடைய முகாமையாளரானார். அறைக்குள் இருந்த இளைஞருக்கு உலகின் கதவு திறந்தது.

தயாரிப்பாளர் என்பவர் யார்?

தமிழில் தயாரிப்பாளர் என்றவுடன் திரைப்படத்துக்குப் பணம் போடுபவரே நினைவுக்கு வருவார். இலத்திரனியல் நடன இசையில் இச்சொல்லின் பொருள் முற்றிலும் வேறு. இங்கே தயாரிப்பாளர் என்பவரே இசையமைப்பாளர். வாத்தியக் குழுவும் அவரே. ஒலிப்பதிவுப் பொறியியலாளரும் பெரும்பாலும் அவரே. டீஜே என்பவர் ஆக்கப்பட்ட இசையை அரங்கில் ஒன்றன்பின் ஒன்றாக, தாளம் முறியாமல் இணைத்து ஒலிக்கச் செய்பவர். ஒருவரே இரண்டு பணிகளையும் செய்வதுண்டு. ஆனால் இரண்டுக்கும் தேவையான மனநிலை ஒன்றன்று. முன்னது தனிமையில் நிகழும் வேலை. பின்னது பல்லாயிரம் பேரின் முன்னிலையில் நள்ளிரவில் நிகழும் வேலை. அவீச்சியின் வாழ்வை விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு இன்றியமையாதது.

இந்த இசை மேல்தட்டு மக்களின் பொழுதுபோக்காகப் பிறந்ததும் அன்று. அமெரிக்காவின் சிக்காகோ நகரில், 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும், சமூகத்தால் ஒதுக்கப்பட்ட கறுப்பின, இலத்தீன் அமெரிக்க இளையோர் கூடிய அரங்குகளிலேயே அதன் 'ஹவுஸ்' என்னும் கிளை முளைத்தது. வெயர்ஹவுஸ் என்ற அரங்கில் 1977 முதல் இசை வழங்கிய பிராங்கி நக்கிள்ஸ் அதன் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். நான்கு அடிகள் கொண்ட தாளம் மாறாமல் ஓட, அதன்மேல் எட்டும் பதினாறுமாக வட்டங்கள் அடுக்கப்படும். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தைக் கையால் போட்டுப் பழகிய தமிழ்ப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு அந்நியமானதன்று. மிருதங்க வகுப்பில் கற்ற எண்ணிக்கையை மடிக்கணினியில் பயன்படுத்தும் பிள்ளை, மரபிலிருந்து விலகிவிட்டதாகக் கருதுவது அறியாமை.

சிகரத்தை நோக்கி

அவீச்சியை உலகம் முழுவதும் கொண்டு சென்ற ஆக்கம் 2011 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் வெளியான 'லெவல்ஸ்'. நிமிடத்துக்கு 126 அடிகள் என்ற வேகத்தில் ஓடும் அந்த ஆக்கத்தின் நடுவே, எற்றா ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பாடகியின் குரல் ஒலிக்கிறது. 1962 ஆம் ஆண்டில் அவர் பாடிய பாடல் ஒன்றின் துணுக்கே அது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முந்திய ஒரு குரல், பிறந்து 22 ஆண்டுகளேயான இளைஞனின் மெட்டில் மீண்டும் உயிர் பெற்றது. மூலப் பாடலை எழுதியவர்களின் பெயர்களும் புதிய ஆக்கத்தின் ஆசிரியர்களாகச் சேர்க்கப்பட்டன. தமிழ்ப் பாடல்களை வெட்டி ஒட்டி மறுகலவை செய்யும் இளையோர் இதனைக் கவனிக்க வேண்டும். பிறர் குரலைப் பயன்படுத்துவது தவறன்று. உரியவரிடம் அனுமதி பெறாமலும் அவர் பெயரைச் சொல்லாமலும் பயன்படுத்துவதே தவறு.

அதன்பின் வளர்ச்சி வியக்கத்தக்க வேகத்தில் நிகழ்ந்தது. 'டீஜே மாக்' என்ற பிரித்தானிய இதழ் ஆண்டுதோறும் வாசகர் வாக்கெடுப்பின் மூலம் உலகின் முதல் 100 டீஜேக்களை வரிசைப்படுத்துவது வழக்கம். அப்பட்டியலில் 2010 இல் 39 ஆம் இடத்தில் இருந்த அவீச்சி, 2011 இல் 6 ஆம் இடத்துக்கும் 2012 இல் 3 ஆம் இடத்துக்கும் உயர்ந்தார். 2012 சனவரியில் அமெரிக்காவில் தொடர் இசைநிகழ்ச்சிகளை நடத்தி, பசிப்பிணி போக்கும் அமைப்பு ஒன்றுக்கு 10 இலட்சம் டொலர்களை வழங்கினார். 2014 இல் அவருடைய ஓராண்டு வருமானத்தை 'போர்ப்ஸ்' இதழ் 2 கோடியே 80 இலட்சம் டொலர் என மதிப்பிட்டது.

பணமும் பட்டியலும் மட்டும் அவருடைய உயர்வின் அளவுகோல்கள் அல்ல. கலைத் துணிவும் அவரிடம் இருந்தது. 2013 மார்ச் மாதம் மியாமியில் நடந்த 'அல்ட்ரா' இசைவிழாவில், இலத்திரனியல் ஓசையை மட்டுமே எதிர்பார்த்துத் திரண்டிருந்த கூட்டத்தின் முன் பாஞ்சோவும் கிற்றாரும் ஏந்திய நாட்டுப்புற இசைக்கலைஞர்களை மேடையேற்றினார். கூட்டம் திகைத்தது. பலர் ஏளனம் செய்தனர். சில மாதங்களில், அதே வழியில் உருவான 'வேக் மீ அப்' வெளியாகி, பிரித்தானியா உள்ளிட்ட பல நாடுகளில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவின் முதன்மைப் பட்டியலில் 4 ஆம் இடம் வரை சென்றது. அதைப் பாடிய அலோ பிளாக், பனாமாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய பெற்றோரின் மகன். அந்தப் பாடல் இடம்பெற்ற 'ட்ரூ' என்ற இசைத்தொகுப்பு அதே ஆண்டு செப்ரெம்பரில் வெளிவந்தது. இரண்டு மரபுகளை இணைப்பவன் முதலில் இரு தரப்பாலும் நகைக்கப்படுவான் என்பதை இரு பண்பாடுகளுக்கிடையே வளரும் புலம்பெயர் இளையோர் அனுபவத்தில் அறிவர். அவர்களுக்கு இந்த நிகழ்வு ஊக்கம் தரவல்லது.

இடைவெளி இல்லாத வாழ்வு

அவீச்சி என்ற பெயரின் பொருள் தமிழருக்கு எளிதில் விளங்கக் கூடியது. பௌத்த மரபில் நரகங்களுள் அடிமட்டத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் அவீசியின் பெயரே அது. இடைவெளி இல்லாதது, ஓய்வற்ற துன்பம் உடையது என்று அதற்கு விளக்கம் கூறுவர். இளைஞரான டிம் அந்தப் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டார். மைஸ்பேஸ் இணையத்தளத்தில் அப்பெயரை வேறொருவர் முன்னரே எடுத்திருந்தமையால், ஓர் எழுத்தை மிகுதியாகச் சேர்த்துக்கொண்டார். அவ்வளவே. அதில் முன்னறிவிப்பு எதையும் தேட வேண்டியதில்லை. ஆயினும் இடைவெளி இன்மை என்பதே அவருடைய தொழில் வாழ்வின் இயல்பாகிப் போனது.

ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் அவர் மேடையேறிய நிகழ்ச்சிகள் 800 அளவில் இருக்கும் என்று கணக்கிடப்படுகிறது. எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 100 என்றால், நோய், விடுமுறை, இசை ஆக்கும் நாட்கள் எதையும் கழிக்காமலே நான்கு நாட்களுக்கு ஒரு நிகழ்ச்சி. அதுவும் வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு நேர வலயங்களில், நள்ளிரவுக்குப் பின். உறக்கம் வானூர்தியில், உணவு கிடைத்த இடத்தில். ஒரு தொழிற்சாலை இயந்திரத்துக்குக் கூடப் பராமரிப்புக்கென நிறுத்தும் நாள் ஒதுக்கப்படுகிறது. இளம் உடலுக்கு அது ஒதுக்கப்படவில்லை.

டிம் இயல்பில் கூச்சம் மிக்கவர். மேடைக்கு முன் ஏற்படும் பதற்றத்தைத் தணிக்க மதுவை நாடினார். நடன அரங்குகளில் கலைஞர்களுக்கு மது விலையின்றிக் கிடைக்கும். வேண்டாம் என்று தடுக்க ஆளிருக்காது. 2012 சனவரியில் கடுமையான கணைய அழற்சியால் நியூயோர்க்கில் 11 நாட்கள் வைத்தியசாலையில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 22. 2014 மார்ச்சில் பித்தப்பையும் குடல்வாலும் அறுவைச் சிகிச்சையால் அகற்றப்பட்டன. வலி நிவாரணிகளில் தங்கியிருக்கும் நிலையும் ஏற்பட்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் நிகழ்ச்சிகளை இரத்துச் செய்ய நேர்ந்தது. 2015 இல் குடும்பத்தினரும் நண்பர்களும் ஒன்றுகூடி வற்புறுத்தியதை அடுத்துச் சிகிச்சை நிலையத்தில் சேர்ந்தார். உலகம் இந்த ஆண்டுகளில் அவருடைய பாடல்களுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

போதும் என்று சொன்ன பின்

2016 மார்ச் மாதத்தில், இனி மேடை நிகழ்ச்சிகள் இல்லை என்று அவீச்சி பகிரங்கமாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 26. ஏற்கனவே ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்து, ஓகஸ்ட் 28 ஆம் நாள் ஸ்பெயினின் இபிசாத் தீவில் இறுதியாக மேடையேறினார். 2017 இல் லெவான் சிகுரிஷ்விலி இயக்கி வெளிவந்த ஆவணப்படம் இந்த முடிவுக்கு முந்திய காலத்தைப் பதிவு செய்திருக்கிறது. இப்படியே தொடர்ந்தால் தான் இறந்துவிடக்கூடும் என்று சுற்றியிருந்தவர்களிடம் பலமுறை சொன்னதாக அப்படத்தில் அவரே கூறுகிறார். நிகழ்ச்சிகளை நிறுத்த வேண்டும் என்று அவர் கேட்டபோதெல்லாம், இன்னும் சில நிகழ்ச்சிகள், இன்னும் ஒரு பருவம் என்ற பேரமே விடையாகக் கிடைத்ததை அப்படம் காட்டுகிறது.

2018 ஏப்ரல் 20 ஆம் நாள் ஓமான் நாட்டின் தலைநகர் மஸ்கட்டில் டிம் பேர்க்லிங் உயிரிழந்தார். அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார் என்பது சில நாட்களில் குடும்பத்தினர் வெளியிட்ட அறிக்கையிலிருந்து புலனாயிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மேடை வாழ்க்கைதான் அவரைக் கொன்றது என்று ஒரு வரியில் முடிப்பது எளிது. ஆனால் இறுதி மேடைக்கும் மரணத்துக்கும் இடையே ஏறத்தாழ 20 மாதங்கள் இருந்தன. அக்காலத்தில் அவர் பயணம் செய்தார், தியானம் பயின்றார், புதிய பாடல்களை ஆக்கினார். ஓய்வு கிடைத்த பின்னும் உள்ளத்தின் வலி தீரவில்லை. தற்கொலைக்குத் தனியொரு காரணம் இருப்பதில்லை என்றே மருத்துவ உலகம் சொல்கிறது. ஆகவே இதிலிருந்து பெறவேண்டிய பாடம் "புகழ் கொல்லும்" என்பதன்று. "இந்த இசை கெட்டது" என்பது நிச்சயமாக அன்று. உடல் நோய்க்குக் கிடைக்கும் கவனம் உள்ளத்தின் நோய்க்கும் காலத்தோடு கிடைக்க வேண்டும் என்பதும், நிறுத்துவதற்கு வழி தொடக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுமே பாடம்.

யாருடைய பொறுப்பு?

"அவர் வளர்ந்த மனிதர். கோடிக்கணக்கில் சம்பாதித்தார். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லையே" என்று கேட்போர் உண்டு. கேள்வியில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் ஒப்பந்தம் என்பது எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்த்தால் விடை தெளிவாகும். மேடைகள் ஓராண்டுக்கு முன்னரே விற்கப்படுகின்றன. ஒரு கலைஞன் வரவில்லை என்றால் அரங்க உரிமையாளர், ஒளியமைப்பாளர், போக்குவரத்தாளர், முகவர் என நூற்றுக்கணக்கானோரின் வருமானம் பாதிக்கப்படும். 22 வயது இளைஞன் "முடியாது" என்று சொல்லும்போது அவன் தனக்காக மட்டும் சொல்வதில்லை. அத்தனை பேரின் இழப்பையும் தோளில் சுமந்து கொண்டே சொல்கிறான். அதனால்தான் அவன் சொல்லாமல் விடுகிறான், அல்லது தாமதமாகச் சொல்கிறான்.

தனி ஒருவர் மீது பழி சுமத்துவதால் பயன் இல்லை. அவருடைய பெற்றோர் அன்பற்றவர்கள் அல்லர். நிலைமையை உணர்ந்தபோது தலையிட்டவர்கள். அத்தகைய பெற்றோருக்கே இது நேர்ந்தது என்றால், பிள்ளையின் உலகம் இன்னதென்றே அறியாத பெற்றோர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பதே சிந்திக்கத்தக்கது.

தமிழ்க் குடும்பங்கள் சிந்திக்க வேண்டியவை

புலம்பெயர் தமிழரிடையே "முடியாது" என்ற சொல்லுக்கு மதிப்புக் குறைவு. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. போரையும் அகதி வாழ்வையும் கடந்து, இரவும் பகலுமாக இரண்டு வேலைகள் செய்து, ஊரில் இருந்த உறவுகளையும் தாங்கிய தலைமுறை அது. களைப்பைச் சொல்லிக் கொண்டிருக்க அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை. அந்த உழைப்பு போற்றுதற்குரியது. ஆனால் "நாங்கள் படாத கஷ்டமா?" என்ற ஒற்றை வாக்கியம், தன் துன்பத்தைச் சொல்ல வந்த பிள்ளையின் வாயை மூடிவிடுகிறது. துன்பங்களை ஒப்பிட்டு எடை போடுவது, துன்பத்தில் இருப்பவருக்கு ஒருபோதும் உதவியதில்லை.

இசையை இழிவாக எண்ணும் பெற்றோரும், பிள்ளையின் திறமையைக் கண்டு ஓயாது மேடையேற்றும் பெற்றோரும் எதிரெதிர்த் திசைகளில் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் இருவரும் செய்யும் தவறு ஒன்றே. இருவருமே பிள்ளையிடம் கேட்பதில்லை. முதலாமவர் வீட்டில், பிள்ளை தன் வெற்றியையே மறைக்கப் பழகுகிறது. வெற்றியை மறைத்த பிள்ளை வீழ்ச்சியையும் மறைக்கும். இரண்டாமவர் வீட்டில், கைதட்டலை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் பிள்ளை களைப்பை மறைக்கிறது. அரங்கேற்றத்துக்கு மண்டபம் பதிவு செய்து, அழைப்பிதழ் அச்சிட்டு, ஊரிலிருந்து பக்கவாத்தியக் கலைஞர்களை வரவழைத்த பின், "எனக்கு இயலவில்லை" என்று சொல்லும் துணிவு எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கும்? அளவில் வேறாயினும், அவீச்சி அகப்பட்ட பொறியும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

"சனம் என்ன சொல்லும்?" என்ற அச்சமும் இதோடு சேர்கிறது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பதை வெளிப்படையாகப் பேசும் குடும்பங்கள், மனச்சோர்வுக்கு மருத்துவரை நாடுவதை மறைக்கின்றன. திருமணப் பேச்சுக்கு இடையூறாகும் என்று அஞ்சுகின்றன. கிளாஸ் பேர்க்லிங்கும் ஆங்கி லிடேனும் வேறு வழியைத் தேர்ந்தனர். மகன் எவ்வாறு மறைந்தான் என்பதை அவர்கள் மூடி மறைக்கவில்லை. 2019 இல் மகனின் பெயரால் ஓர் அறநிலையத்தை நிறுவி, மனநலத்துக்காகவும் தற்கொலைத் தடுப்புக்காகவும் பணியாற்றத் தொடங்கினர். அவர் முடிக்காமல் விட்டுச் சென்ற பாடல்கள், உடன் உழைத்த கலைஞர்களால் நிறைவு செய்யப்பட்டு, அதே ஆண்டு யூன் மாதம் 'டிம்' என்ற பெயரில் வெளிவந்தன. அதன் இலாபம் அந்த அறநிலையத்துக்கே வழங்கப்பட்டது. பெற்ற பிள்ளையை இழந்த துயரத்தையே பிறர் பிள்ளைகளைக் காக்கும் பணியாக மாற்றிய அவர்களிடமிருந்து எந்தச் சமூகமும் கற்கலாம்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, பெற்றோர் பிள்ளையின் இசையை ஒருமுறையேனும் அமர்ந்து கேட்க வேண்டும். பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எவ்வாறு செய்தாய் என்று கேட்டாலே போதும். ஆக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிள்ளையே நாளை அச்சத்தைப் பற்றியும் பேசும்.

இரண்டாவதாக, "எவ்வளவு தந்தார்கள்?" என்று கேட்பதற்கு முன் "எத்தனை மணிநேரம் தூங்கினாய்? சாப்பிட்டாயா? யார் உன்னோடு இருந்தார்கள்?" என்று கேட்க வேண்டும். உறக்கம் குலைவது, பிடித்தவற்றில் ஆர்வம் அற்றுப் போவது, மதுவின்றி மேடையேற இயலாமற் போவது ஆகியவை உடனே கவனிக்க வேண்டிய அறிகுறிகள். குடும்ப மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கு இவை போதுமான காரணங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிப் பிள்ளை வாய் திறந்தால், அதை மிரட்டல் என்று ஒதுக்காமல் அன்றே உதவி தேட வேண்டும். நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை; கேட்பதே பல வேளைகளில் உயிர் காக்கிறது.

மூன்றாவதாக, தமிழ்ச் சங்கங்களுக்கும் விழாக் குழுக்களுக்கும் பொறுப்பு உண்டு. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, பிறந்தநாள் எனத் தமிழர் கொண்டாட்டங்கள் பலவற்றில் இன்று இசை வழங்குவோர் மாணவப் பருவத்து டீஜேக்களே. அவர்களோடு எழுத்தில் உடன்பாடு செய்து, முடியும் நேரத்தைக் குறித்து, உரிய ஊதியத்தை உரிய வேளையில் கொடுப்பது கடினமன்று. உடல்நலம் காரணமாக விலக நேர்ந்தால் குற்றம் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும் விதியும் அதில் இருக்கட்டும். "நம்மட பொடியன்தானே" என்று அதிகாலை வரை நிறுத்தி வைப்பது அன்பு ஆகாது.

நான்காவதாக, இளையோருக்கும் ஒரு வேண்டுகோள். அவீச்சியின் இசையை நேசிப்போர் அவருடைய வேகத்தை மட்டும் பின்பற்ற முற்படுதல் கூடாது. ஆக்குவது வேறு, அரங்கில் நிற்பது வேறு. ஆக்குவதில் மகிழ்பவர் அரங்கைத் தவிர்த்தாலும் கலைஞரே. முதல் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நாளிலேயே ஓய்வு நாட்களையும் எழுதி வாங்குவது கோழைத்தனம் அன்று. களைப்பைச் சொல்வதும் அவ்வாறே.

ஸ்டொக்ஹோமில் குளோப் என்று அழைக்கப்பட்ட மாபெரும் வெள்ளை உருண்டை வடிவ அரங்கம், டிம் பிறந்த 1989 ஆம் ஆண்டிலேயே திறந்து வைக்கப்பட்டது. 2021 மே மாதம் அதற்கு அவீச்சி அரங்கம் என்று பெயர் சூட்டப்பட்டது. இளையோரின் மனநலம் பற்றிய விழிப்புணர்வையும் முன்னிறுத்தியே அந்தப் பெயர்மாற்றம் அறிவிக்கப்பட்டது. ஒரு நாடு தன் கலைஞனுக்கு அளித்த அந்த மதிப்பு பெரிது. ஆயினும் மறைந்த பின் சூட்டப்படும் பெயரை விட, வாழும் காலத்தில் "சரி, நிறுத்து, வீட்டுக்கு வா" என்று சொல்லும் ஒரு குரலே பிள்ளைக்குப் பெரிது. அந்தக் குரலாக இருப்பதற்குப் பெற்றோருக்கு இலத்திரனியல் இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை. கதவைத் தட்டி, உள்ளே சென்று, அருகில் அமர்ந்து கேட்டால் போதும்.